சுண்டெலியின் மூச்சு

பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. கண்டக்டர் பின்வாசல் கம்பியில் முதுகைச் சாய்த்து டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தபோது அவள் இடுப்புப் பையில் போன் துடித்தது. பள்ளிக்கூடத்து எண். மகளின் மூச்சைத் தவிர வேறெதற்காகவும் அவர்கள் பட்டப்பகலில் கூப்பிட்டதில்லை.

"பாப்பாவுக்கு மறுபடியும் இழுக்குதுங்க," என்றார் டீச்சர். "பையில இருந்த மூச்சு மருந்து, அந்த நீலப் பம்பை அடிச்சுப் பார்த்தோம். வெறும் காத்துதான் வருது. காலியாயிடுச்சு போல. சீக்கிரம் வாங்க!"

அவள் விசிலை எடுத்து ஊதினாள். எந்த நிறுத்தமும் இல்லாத இடத்தில் விசில் கேட்டதும் டிரைவர் கண்ணாடியில் எட்டிப் பார்த்தார். கூட்டத்துக்கு மேலே தெரிந்த அவள் முகமே அவருக்குப் போதுமாக இருந்தது.

"சுண்டெலியா?"

"ஆமாண்ணே."

பிறந்தபோது உள்ளங்கை அளவுக்கு இருந்ததால் குழந்தைக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்ததே அவர்தான். அவர் வண்டியை ஓரங்கட்டி, இருக்கையிலிருந்து எழுந்து பின்னால் திரும்பினார்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. நம்ம கண்டக்டரம்மா பொண்ணுக்கு மூச்சு முட்டுது. பள்ளிக்கூடம் போற வழியிலதான் இருக்கு. ஆஸ்பத்திரி வழியில இல்ல. வண்டியை அங்க திருப்பட்டுமா? அவசரமா போறவங்க இங்கயே இறங்கிக்கலாம்."

யாரும் இறங்கவில்லை. டை கட்டிய ஒரு பையன் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கு இன்டர்வியூ..." என்று ஆரம்பித்தான். பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்த பார்வையில், "சரி, திருப்புங்க, நான் போன் பண்ணிச் சொல்லிக்கிறேன்," என்றான். முன்சீட்டுப் பெரியவர் ஒருவர் கத்தினார்: "பேசிக்கிட்டே நிக்காம கியரைப் போடுய்யா!"

வண்டி பறந்தது.

பள்ளி வாசலில் டீச்சர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தயாராக நின்றார். ஒவ்வொரு மூச்சுக்கும் சுண்டெலியின் தோள்கள் காதுவரை ஏறின. கழுத்துக் குழி உள்ளே இழுத்தது. கண்டக்டர் அவளை வாங்கி மடியில் நிமிர்த்தி உட்காரவைத்தாள். யாரும் சொல்லாமலே ஜன்னல்கள் திறந்தன. வாசனைத் திரவியம் பூசியிருந்த ஒரு பெண் தானாகவே எழுந்து கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை.

ஆம்புலன்ஸ் நுழையும் வாசலில் பஸ் மூக்கை நீட்டியதும் காவலாளி குறுக்கே ஓடிவந்தார். "பஸ் ஸ்டாண்டு அந்தப் பக்கம்யா! கண்ணு தெரியலையா?"

"தெரியுது! நீ முதல்ல கேட்டைத் திற!" என்று பஸ் மொத்தமும் ஒரே குரலில் கத்தியது. அவர் திறந்துவிட்டார்.

அவசரப் பிரிவில் தலைமை நர்ஸுக்கு சுண்டெலியை நன்றாகத் தெரியும். "வாங்க மகாராணி, உங்க கட்டில் காலியாத்தான் இருக்கு," என்று சொல்லிக்கொண்டே விரலில் கருவியை மாட்டி, முகத்தில் மாஸ்க்கைப் பொருத்தி, இயந்திரத்தை முடுக்கிவிட்டாள். மருந்து புகையாகக் கிளம்பியது. டாக்டர் வந்து முதுகில் குழாயை வைத்துக் கேட்டார், அடுத்த மருந்தைச் சொன்னார். கண்டக்டர் மகளின் மூச்சோடு சேர்ந்து தானும் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் தோள்களின் ஏற்றம் குறைந்தது. சுண்டெலி கண்ணைத் திறந்து, அம்மாவைப் பார்க்காமல், பக்கத்துத் திரையைப் பார்த்துக் கையசைத்தாள்.

திரைக்கு அந்தப் பக்கம் இதே போல் மாஸ்க் மாட்டிய ஒரு குண்டுப் பையன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அவன் பூசணி. கீழ்வீட்டுப் பையன். பக்கத்திலேயே அவன் அம்மா, ஹோட்டல் லாண்டிரியில் துணி தேய்க்கும் அக்கா, சீருடையோடு உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு அம்மாக்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்களுக்குள் பேச்சுவார்த்தை நின்று வெகுநாளாகிறது. கீழ்வீட்டுச் சுவரில் ஈரம் இறங்கியபோது, "மேல் வீட்டுப் பாத்ரூம் ஒழுகுது," என்று லாண்டிரி அக்கா படியில் நின்று சத்தம்போட்டாள். "நீ வீட்டுல துணி காயப்போடுற ஆவிதான் மேல வந்து எங்க சுவரை ஊறவைக்குது," என்று கண்டக்டர் பதிலுக்குச் சத்தம்போட்டாள். பஸ்ஸில் பழகிய குரல், தெருமுனைவரை கேட்டது. அதோடு சரி.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே கட்டடமா?" என்றாள் நர்ஸ், இருவரின் முகவரியையும் கேட்டபின்.

"கட்டடம்தான் ஒண்ணு," என்றாள் லாண்டிரி அக்கா.

"இதுவரைக்கும் ஒருத்தரை ஒருத்தர் இங்க பார்த்ததே இல்லையா? மாத்தி மாத்தி வந்துக்கிட்டே இருக்கீங்களே! உங்க கட்டடத்துல இருந்து இன்னொரு குழந்தைகூட போன வாரம் வந்துச்சு. வீட்டுச் சுவரு எப்படி இருக்கும்?"

"அதை இந்தம்மாகிட்ட கேளுங்க!" என்று இருவரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள். அடுத்த நொடி பழைய சண்டை கட்டில்களுக்கு நடுவே வெடித்தது. பாத்ரூம், ஆவி, வாளி, கொடி என்று எல்லாம் வந்தன. மாஸ்க்குக்குள் குழந்தைகள் இருவரும் சிரிப்பை அடக்கமுடியாமல் குலுங்கினார்கள்.

"வாயை மூடுங்க ரெண்டு பேரும்!" நர்ஸ் போட்ட அதட்டலில் பக்கத்துக் கட்டில்காரர்கூட முனகலை நிறுத்தினார். "யார் வீட்டுத் தண்ணியோ, சுவரு பூசணம் பிடிச்சா ரெண்டு குழந்தை நெஞ்சுக்கும் ஆகாது. அதை விடுங்க. பழுப்புக் கலர் பம்பு குடுத்தேனே, தினமும் அடிக்கச் சொல்லி, அது எங்க?"

கண்டக்டர் தரையைப் பார்த்தாள். "நல்லா இருந்தாளே, எதுக்கு மருந்துன்னு நிறுத்திட்டேன்."

"நானும்தான்," என்றாள் லாண்டிரி அக்கா மெதுவாக. "பழக்கமாயிடும்னு பயம்."

"நல்லா இருக்கறதே அதனாலதான்மா. நீலம் இழுக்கும்போது. பழுப்பு தினமும், இழுக்காத அன்னிக்கும். தீர்ந்தா குழந்தைகள் கிளினிக்ல வாங்கிக்கலாமே, ஏன் வர்றதில்ல?"

"அது காலையில மட்டும்தானே திறக்கும்? அப்போ நான் பஸ்ஸுல இருப்பேன். லீவு கேட்டா மூஞ்சியைக் காட்டறாங்க. இங்கதான் எந்த நேரம் வந்தாலும் கதவு திறந்திருக்கு."

"எனக்கு மத்தியானம் ஷிப்ட்," என்றாள் லாண்டிரி அக்கா. "காலையில சும்மாதான் இருக்கேன். ஆனா எங்க அவரும் ஊர்ல இல்ல, சாயங்காலம் பையனுக்கு மருந்து குடுக்க ஆளு கிடையாது."

நர்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். முதலில் சிரித்தது கண்டக்டர்தான். காலையில் சும்மா இருப்பவள் ஒருத்தி, சாயங்காலம் வீட்டில் இருப்பவள் ஒருத்தி, நடுவே ஒரு மாடிப்படி. இதற்கு ஆஸ்பத்திரிவரை வரவேண்டியிருந்திருக்கிறது!

"அக்கா," என்றாள், தொண்டையைச் செருமிக்கொண்டு. "வீட்டுக்குப் போனதும் சுவரைப் பார்த்துடலாமா?"

"பாத்ரூமையும் பார்க்கணும்," என்றாள் லாண்டிரி அக்கா. விட்டுக்கொடுக்கவில்லை.

சுண்டெலியின் அப்பா வீடுகளுக்குச் சுண்ணாம்பும் வர்ணமும் அடிக்கும் பெயின்டர். மறுநாள் அவரும் கண்டக்டரும் சேர்ந்து மகளின் கட்டிலையும் அதற்குப் பின்னால் இருந்த பீரோவையும் இழுத்தார்கள். பீரோ நகர்ந்ததும் லாண்டிரி அக்கா, "அடியாத்தி!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். தரையிலிருந்து ஆள் உயரத்துக்குக் கறுப்புப் படை ஏறியிருந்தது. சில இடங்களில் மயிர் முளைத்ததுபோல் இருந்தது. கட்டிலின் தலைமாட்டில் மஞ்சள் வர்ணம் கொப்புளம் கொப்புளமாக உப்பியிருந்தது.

பெயின்டர் ஒரு கொப்புளத்தை விரலால் அழுத்தினார். உள்ளேயிருந்து கறுப்பு நீர் வழிந்தது.

"கறை தெரியும்போதெல்லாம் மேல ஒரு கோட்டிங் அடிச்சேன்," என்றார். "பாப்பாவுக்கு மஞ்சள் பிடிக்கும்னு..." புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க பாசத்துலதானே செஞ்சீங்க," என்றாள் கண்டக்டர். "இப்ப அழுதா சுவரு இன்னும்தான் ஈரமாகும். வாங்க, கீழ பார்க்கலாம்."

கீழ்வீட்டிலும் அதே இடத்தில், அதே உயரத்தில், அதே கறுப்பு. அன்றே இரண்டு குழந்தைகளின் படுக்கையையும் எதிர்ச் சுவருக்கு மாற்றினார்கள். ஆனால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

அதற்கு விடை பஸ்ஸிலிருந்து வந்தது. அன்று ஆஸ்பத்திரிவரை வந்த பயணிகள் அவளை விடவில்லை. ஏறும்போதே, "பாப்பா எப்படி இருக்கா?" என்பார்கள். டை கட்டிய பையன் வேலை கிடைத்த சந்தோஷத்தில் கைநிறைய மிட்டாயோடு ஏறினான். ஒருநாள் சுவரைப் பற்றி அவள் டிரைவரிடம் புலம்பிக்கொண்டிருந்ததை ஜன்னலோரத்தில் இருந்த பைப் மெக்கானிக் கேட்டுவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை வரேன்மா. அன்னிக்கு நானும் அந்த வண்டியிலதான் இருந்தேன். பாதிக் கதையிலயே இறங்கிட்ட மாதிரி இருக்கு எனக்கு."

ஞாயிற்றுக்கிழமை கட்டடமே படிக்கட்டில் கூடிவிட்டது. மெக்கானிக் முதலில் கண்டக்டர் வீட்டுப் பாத்ரூமில்தான் உளியை வைத்தார். "இங்கதான் இருக்கும், பந்தயம்!" என்று அடித்து ஓட்டை போட்டார். உள்ளே செங்கல் பிஸ்கட் போலக் காய்ந்திருந்தது. மெக்கானிக் தலையைச் சொறிந்தார். கண்டக்டர் இடுப்பில் கைவைத்து லாண்டிரி அக்காவைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"சரி சரி, தெரியாம சொல்லிட்டேன். அந்த ஓட்டையை நானே பூசித் தரேன்," என்றாள் லாண்டிரி அக்கா. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

அடுத்து அவளுடைய முறை. துணி காயவைக்கும் மூலையில் மெக்கானிக் கூரையைத் தடவினார். அங்கும் காய்ந்துதான் இருந்தது. இப்போது இடுப்பில் கைவைப்பது லாண்டிரி அக்காவின் முறை.

"அப்போ மேல இருந்துதான் வரணும்," என்றார் மெக்கானிக். "மொட்டை மாடியில என்ன இருக்கு?"

மொட்டை மாடி பூட்டிக்கிடந்தது. சாவி வீட்டுக்காரரிடம். போன் போட்டதும் வந்தார், சலவைச் சட்டையும் எரிச்சலுமாக. "ஆஸ்துமாங்கறது பரம்பரை வியாதி. என் சுவரு என்ன பண்ணும்? மாடியில ஒரு ரூம்தான். பழைய சாமான். தண்ணியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"இல்லைன்னா காட்டிடுங்களேன், பேச்சே முடிஞ்சுடும்," என்றாள் கண்டக்டர்.

"காட்டறேன். காட்டிட்டா எல்லாரும் வாயை மூடிட்டுப் போகணும்."

அவர் முன்னால் போக, கட்டடம் மொத்தமும் பின்னால் ஏறியது. பூட்டு திறந்தது. கதவு திறக்கவில்லை. மரம் ஊதிப்போய்ச் சட்டத்தோடு இறுகியிருந்தது. "தண்ணியே இல்லாத ரூமுக்கு எப்படிங்க கதவு ஊதும்?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். பெயின்டரும் மெக்கானிக்கும் தோளைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ளினார்கள். கதவு பிளந்துகொண்டு உள்ளே போனது. அழுகல் நாற்றம் முகத்தில் அறைந்தது.

"பிள்ளைங்க யாரும் மேல வராதீங்க!" என்று கண்டக்டர் கத்தினாள். விசிலும் ஊதினாள்.

உள்ளே நான்கு சுவரும் கரிபூசியதுபோல் கறுத்திருந்தன. மூலையில் மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் குழாய் விரிசல்விட்டுத் தண்ணீரைச் சீறிக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீர் தரையில் தேங்கி, சுவரின் பிளவுக்குள் நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது. நேர் கீழே சுண்டெலியின் கட்டில். அதற்கும் கீழே பூசணியின் பாய்.

"இருக்கு! இருக்கு! கண்டுபிடிச்சாச்சு!" மெக்கானிக் புதையல் கிடைத்தவர் மாதிரி குதித்தார். படிக்கட்டு முழுக்க விஷயம் பரவி, கீழே நின்றவர்கள் கைதட்டினார்கள். லாண்டிரி அக்கா கண்டக்டரின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எத்தனை நாள் ஒருத்தியை ஒருத்தி திட்டியிருப்பார்கள்! இருவர் வீட்டிலும் இல்லாத தண்ணீருக்காக!

வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். தும்மல்தான் வந்தது. தும்மினார், மறுபடி தும்மினார், கண்ணில் நீர் வழிய வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு தும்மிக்கொண்டே இருந்தார்.

"பரம்பரையா சார்?" என்றார் பெயின்டர் பணிவாக.

"குழாயை மாத்தறேன்," என்றார் வீட்டுக்காரர் மூக்கைத் துடைத்தபடி. "சுவரெல்லாம் அடுத்த வருஷம் பார்க்கலாம்."

"ரொம்ப சரி," என்றாள் லாண்டிரி அக்கா. "அதுவரைக்கும் நாங்க எல்லாரும் பிள்ளை குட்டியோட உங்க வீட்டு ஹால்ல வந்து படுத்துக்கறோம். பெரிய ஹாலுன்னு கேள்விப்பட்டேன்."

"பாய் நாங்களே கொண்டு வந்துடுவோம்," என்றாள் கண்டக்டர்.

அவர் கூட்டத்தைப் பார்த்தார். சிலர் நிஜமாகவே பாயைச் சுருட்டக் கிளம்பிவிட்டதுபோல் தெரிந்தது. மறுநாளே வேலை ஆரம்பித்தது. சுவரை உரித்து, அது காயும்வரை குழந்தைகள் இருவரும் டிரைவர் வீட்டில் தங்கினார்கள். அவருடைய மனைவி, "ஒரு வாரம் எங்க வீடு வீடா இருந்துச்சு," என்று அனுப்பும்போது கண்கலங்கினாள். பெயின்டர் மூக்கை ஈரத்துணியால் கட்டிக்கொண்டு கறுப்பைச் சுரண்டி எடுத்தார். சுவர் முழுக்கக் காயாமல் பிரஷ்ஷைத் தொடவில்லை. வேலை முடிந்து வரும்போது வர்ணம் பட்ட சட்டையைக் கீழேயே கழற்றிப் பையில் போட்டுக்கொண்டுதான் படியேறினார்.

மருந்து விஷயத்தில் இரண்டு அம்மாக்களும் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். காலையில் லாண்டிரி அக்கா இரண்டு பேரையும் வரிசையில் நிறுத்திப் பழுப்புப் பம்பை அடித்து, வாயைக் கொப்பளிக்கவைத்துப் பள்ளிக்கு அனுப்புவாள். கிளினிக்குக்கும் அவளே கூட்டிக்கொண்டு போவாள். சாயங்காலம் கண்டக்டரின் பொறுப்பு. "டிக்கெட் டிக்கெட்!" என்று அவள் குரல் கொடுத்ததும் இரண்டும் வாயைத் திறந்துகொண்டு ஓடிவரும்.

மழைக்காலம் வந்தது. சுவரில் ஒரு பொட்டு ஈரமில்லை. ஆனாலும் ஒரு மாலை, மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, சுண்டெலி விளையாட்டை நிறுத்திவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "அம்மா, விசில் அடிக்குது," என்றாள்.

கண்டக்டரின் கால்கள் தானாக வாசலை நோக்கித் திரும்பின. மகளைத் தூக்கு, ஓடு. இத்தனை நாளும் அதுதானே பழக்கம்! கூடவே நர்ஸ் சொன்னதும் நினைவுக்கு வந்தது: முதலில் நீலப் பம்பு. பேச முடியவில்லை, உதடு நீலம் பாரிக்கிறது, விலா உள்ளே இழுக்கிறது என்றால் ஒரு நொடியும் தாமதிக்காதே, வந்துவிடு.

"பேசு கண்ணு. உன் பேரு என்ன சொல்லு."

"சுண்டெலி. ஏன், உனக்கு மறந்துடுச்சா?"

பேச்சு வருகிறது. கண்டக்டர் கணவனுக்குப் போன் போட்டு, "இழுக்குது, வண்டியோட வாங்க," என்று மட்டும் சொன்னாள். மகளை நிமிர்த்தி உட்காரவைத்து, பம்பைப் பிளாஸ்டிக் குழலில் பொருத்தி, ஒரு அழுத்து. "மெதுவா இழு. இழு... விடு." மறுபடி ஒரு அழுத்து. அன்று லீவில் வீட்டிலிருந்த லாண்டிரி அக்கா சத்தம் கேட்டுப் படியேறி ஓடிவந்தாள். வந்தவள் குழந்தையின் சட்டையை விலக்கி விலாவைப் பார்த்தாள். "இழுக்கலை. நீ அடி."

இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெளியே மழை ஓயவில்லை. உள்ளே அந்தச் சின்ன விசில் மெலிந்தது, இன்னும் மெலிந்தது, பிறகு எவ்வளவு காது கொடுத்தும் கேட்கவில்லை. கண்டக்டர் மகளின் நெஞ்சில் காதை வைத்தாள். இதயம் தடதடத்துக்கொண்டிருந்தது. மூச்சு மழைக்காற்றுபோல் சுத்தமாகப் போய்வந்தது.

"அம்மா, தலை கனக்குது. எடு," என்றாள் சுண்டெலி. "நான் போய் விளையாடணும்."

"அக்கா! நின்னுடுச்சு அக்கா! நாமளே நிறுத்திட்டோம்!"

இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள், சிரித்தார்கள். என்ன விஷயம் என்று தெரியாமலே பூசணி நடுவில் புகுந்து குதித்தான். அந்த நேரம் பார்த்து பெயின்டர் தொப்பலாக நனைந்து, செருப்பைக் கையில் பிடித்தபடி, மூன்று மூன்று படியாகத் தாவி வந்தார்.

"டாக்சி கீழ நிக்குது! தூக்கு பாப்பாவை!"

"நான் நல்லா இருக்கேம்ப்பா," என்றாள் சுண்டெலி.

அவர் நம்பவில்லை. மகளின் உதட்டைப் பார்த்தார், விலாவைப் பார்த்தார், பாட்டுப் பாடச் சொன்னார். அவள் பாடினாள். சுருதி சேரவில்லை, மூச்சு சேர்ந்தது. பெயின்டர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கீழே டாக்சி ஹாரன் அடித்தது.

"ஐயோ, அந்த ஆளை என்ன பண்றது? பதறியடிச்சுக் கூட்டிட்டு வந்தேன்."

கண்டக்டர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினாள்.

"பம்பை எடுத்துக்கோங்க. எல்லாரும் கிளம்புங்க. அக்கா, நீங்களும்தான்!"

ஐந்து பேரும் டாக்சிக்குள் நெருக்கிக்கொண்டு ஏறினார்கள். டாக்சிக்காரர் பதற்றத்தோடு கண்ணாடியில் பார்த்தார். "எந்த ஆஸ்பத்திரிங்க?"

"ஆஸ்பத்திரி இல்லைங்க," என்றாள் கண்டக்டர், ஜன்னலை ஏற்றியபடி. "நேரா விடுங்க. பாலம் வரைக்கும் போய், ஆத்துல எவ்வளவு தண்ணி வந்திருக்குன்னு பார்த்துட்டு வரலாம்."

"வேகமா!" என்றாள் சுண்டெலி.

"ரொம்ப வேகமா!" என்றான் பூசணி.

டாக்சி மழையைக் கிழித்துக்கொண்டு கிளம்பியது.